போரில் தொலைந்த ஊசி அட்டையும் கடல் கடக்கும் பயணமும்

வன்னியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை இடம்பெயர்ந்த குடும்பங்கள் ஒரு சொப்பிங் பையைக் கைவிடாமல் கொண்டுசென்றன. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு எல்லாம் அதற்குள் இருந்தன. பலருக்கு அந்தப் பையும் மிஞ்சவில்லை. பின்னர் பிறப்புச் சான்றிதழுக்கும் அடையாள அட்டைக்கும் நடமாடும் சேவைகள் நடந்தன. வரிசையில் நின்று பிரதிகளைப் பெற்றுக்கொண்டோம். பிள்ளைக்கு ஊசி போட்ட கிளினிக் அட்டையைப் பற்றி அப்போது யாரும் பெரிதாக யோசிக்கவில்லை. யோசிப்பதற்கான நேரமும் அதுவாக இருக்கவில்லை.

அந்த ஆண்டுகளில் குழந்தைகளாகவும் சிறுவர்களாகவும் இருந்தவர்கள் இன்று வளர்ந்துவிட்டார்கள். படிப்புக்காக, திருமணமாகித் துணையுடன் சேர்வதற்காக, வேலைக்காக என்று வெளிநாடு செல்ல விண்ணப்பிக்கிறார்கள். மருத்துவப் பரிசோதனையின்போதோ பல்கலைக்கழக அனுமதியின்போதோ "தடுப்பூசிப் பதிவு இருக்கிறதா?" என்ற கேள்வி வருகிறது. இல்லை என்று சொன்னால் விசா கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயமும் கூடவே வருகிறது. அந்தப் பயத்தைப் பயன்படுத்திப் போலிச் சான்றிதழ் தருவதாகச் சொல்லும் முகவர்களும் இருக்கிறார்கள்.

அட்டை தொலைந்தது பயணத்துக்குத் தடையல்ல. அதைச் சரிசெய்ய முறையான, பாதுகாப்பான வழி உண்டு. அந்த வழிக்குத் தேவையானது கால அவகாசம். புறப்படுவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது தொடங்கினால் முடியாத பல காரியங்கள், இரண்டு மாதம் முன்னதாகத் தொடங்கினால் சிரமமின்றி முடிந்துவிடும்.

முதலில் எங்கே தேடலாம்?

இலங்கையில் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம் 1978இல் ஆரம்பமானது. போரின் நடுவிலும் அது முற்றாக நின்றுவிடவில்லை. குடும்பநல உத்தியோகத்தர்கள் இடம்பெயர்ந்த மக்களோடு தாங்களும் இடம்பெயர்ந்து, மரநிழலிலும் பாடசாலைக் கட்டடங்களிலும் கிளினிக் நடத்தினார்கள். ஆகவே அட்டை இல்லாத பலருக்கு ஊசி போடப்பட்டே இருக்கும். அதற்கான சான்றுதான் இல்லை.

உங்கள் பிரதேசச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் முதலில் விசாரியுங்கள். பிறப்பும் தடுப்பூசியும் பதியப்படும் ஏடு ஒன்று குடும்பநல உத்தியோகத்தரிடம் இருக்கும். போரில் பல பணிமனைகளே இடம்மாறியதால் எல்லா ஏடுகளும் தப்பவில்லை. ஆனாலும் 2009க்குப் பின்னர் முகாம்களிலும் மீள்குடியேறிய இடங்களிலும் போடப்பட்ட ஊசிகளுக்குப் பதிவு கிடைக்கும் வாய்ப்பு உண்டு. பாடசாலையில் 11, 12 வயதில் போடப்படும் ஏற்புவலி, தொண்டைக்கரப்பன் ஊசி பற்றியும் கேளுங்கள்.

தமிழ்நாட்டு அகதி முகாம்களில் பிறந்து வளர்ந்து திரும்பியவர்கள், அங்கே ஆரம்பச் சுகாதார நிலையத்தில் தந்த அட்டையை எறிந்துவிட வேண்டாம். நாள், ஊசியின் பெயர், போட்ட நிலையத்தின் முத்திரை ஆகியவை இருந்தால் அதுவும் பெறுமதியான சான்றே. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். இந்திய அரச திட்டத்தில் சின்னமுத்துக்கும் ருபெல்லாவுக்கும் ஊசி உண்டு, கூகைக்கட்டுக்கு இல்லை. இலங்கையில் மூன்றும் ஒரே ஊசியாகப் போடப்படுகின்றன. சில நாடுகள் மூன்றையும் கேட்கும்.

பதிவு கிடைக்காவிட்டால்?

எழுத்தில் சான்று இல்லாவிட்டால் ஊசி போடப்படவில்லை என்று கருதி மீண்டும் போடுவதே பல நாடுகளிலும் மருத்துவர்கள் பின்பற்றும் பொது விதி. "ஏற்கெனவே போட்டிருந்தால் இரண்டாம் தரம் போடுவது ஆபத்தல்லவா?" என்று பெற்றோர் கேட்பது நியாயமானது. சின்னமுத்து, இளம்பிள்ளைவாதம், ஈரல் அழற்சி பி ஆகியவற்றுக்கான ஊசிகளை மேலதிகமாக ஒரு தரம் போடுவதால் பொதுவாகத் தீங்கில்லை. ஏற்புவலி ஊசியை அடிக்கடி போட்டால் கை வீங்கி நோகலாம். அதனால் போர்க்காலத்தில் காயப்பட்டு அந்த ஊசி போட்டுக்கொண்டவர்கள் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

சில நோய்களுக்கு இரத்தப் பரிசோதனை மூலமும் எதிர்ப்புச் சக்தியை அறியலாம். சின்னமுத்து, ருபெல்லா, கொப்பளிப்பான், ஈரல் அழற்சி பி ஆகியவை அவற்றுள் அடங்கும். செலவைப் பார்த்தால் பலவேளைகளில் ஊசியையே மீண்டும் போட்டுக்கொள்வது இலகு. இன்னொரு ஆறுதலும் உண்டு: மூன்று ஊசி கொண்ட தொடரில் ஒன்றோ இரண்டோ போட்டு இடையில் நின்றிருந்தால், திரும்ப முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

அட்டை பத்திரமாக இருப்பவர்களும் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. இலங்கையில் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஊசி இப்போது 9 மாதத்திலும் 3 வயதிலும் போடப்படுகிறது. அமெரிக்கா, கனடா, பிரித்தானியா போன்ற நாடுகளில் முதல் பிறந்தநாளுக்கு முன்னர் போட்ட ஊசியைக் கணக்கில் எடுப்பதில்லை. எனவே இங்கே இரண்டும் ஒழுங்காகப் போட்ட பிள்ளைக்கும் அங்கே ஒன்றுதான் செல்லும். இன்னொன்று போடச் சொன்னால் பதற்றப்பட வேண்டாம். இங்கே போட்டது பிழை என்று அதற்கு அர்த்தமில்லை.

அதேபோல ஈரல் அழற்சி பி ஊசி இலங்கையின் சிறுவர் திட்டத்தில் 2003இலிருந்தே சேர்க்கப்பட்டது. அதற்கு முன்னர் பிறந்தவர்கள் தனியாகப் போட்டிருந்தாலன்றி அந்தப் பாதுகாப்பு இல்லாதவர்கள். வழமையான முறையில் இது 6 மாதங்களில் மூன்று ஊசிகள். வைத்தியசாலைகளிலும் முதியோர் பராமரிப்பு இல்லங்களிலும் வேலைக்குச் செல்பவர்கள் இதை முதலிலேயே தொடங்க வேண்டும்.

மூன்று வகைத் தேவைகள்

பயணத் தடுப்பூசி என்று நாம் பொதுவாகச் சொல்வதில் மூன்று வேறுபட்ட விடயங்கள் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் குறையும்.

முதலாவது, எல்லையில் கேட்கப்படுவது. மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் இந்த வகை. ஹஜ், உம்ரா யாத்திரை செல்வோருக்குச் சவூதி அரேபியா கேட்கும் மூளைக்காய்ச்சல் ஊசியும் இவ்வகையே. அதைப் போட்டுக் குறைந்தது 10 நாட்களாவது கழிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, விசாவுக்காகக் கேட்கப்படுவது. அமெரிக்கக் குடிவரவு விசாவுக்குச் சின்னமுத்து, இளம்பிள்ளைவாதம், ஏற்புவலி, ஈரல் அழற்சி பி உட்படப் பல ஊசிகள் வயதுக்கேற்பத் தேவைப்படும். பிரித்தானியாவுக்கு 6 மாதத்துக்கு மேற்பட்ட விசாவில் செல்லும் இலங்கையர் காசநோய்ப் பரிசோதனை செய்ய வேண்டும். இது ஊசியல்ல. பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. ஊசியின் தழும்பு கையில் இருக்கிறது என்பதற்காக இந்தப் பரிசோதனையிலிருந்து விலக்குக் கிடைக்காது. அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் நெஞ்சு எக்ஸ்றே எடுக்கப்படும். உடலில் செல் துண்டுகள் உள்ளவர்கள் எக்ஸ்றே எடுக்கும் முன்னரே அதைச் சொல்லிவிடுவது நல்லது. பரிசோதனை தேடுவது காசநோயின் அறிகுறிகளைத்தான்.

மூன்றாவது, யாரும் கேட்காவிட்டாலும் நம் உயிருக்காகப் போட்டுக்கொள்வது. பெரும்பாலான பயண ஊசிகள் இந்த வகையைச் சேர்ந்தவை. அதிகம் தவறவிடப்படுபவையும் இவையே.

மஞ்சள் காய்ச்சலும் செங்கமாரியும் ஒன்றல்ல

பெயரைக் கேட்டதும் பலர் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுகிறார்கள். செங்கமாரி என்று நாம் சொல்வது பெரும்பாலும் அசுத்தமான நீராலும் உணவாலும் பரவும் ஈரல் அழற்சி ஏ. 2009இல் வவுனியா முகாம்களில் பரவியதும் அதுவே. அது ஒருமுறை வந்தவருக்கு அந்த நோய்க்கெதிரான பாதுகாப்பு வாழ்நாளுக்கும் இருக்கும். ஆனால் அது ஈரல் அழற்சி பியிலிருந்தோ மஞ்சள் காய்ச்சலிலிருந்தோ காப்பாற்றாது.

மஞ்சள் காய்ச்சல் நுளம்பால் பரவும் வைரஸ் நோய். ஆபிரிக்காவின் பல நாடுகளிலும் தென் அமெரிக்காவின் சில பகுதிகளிலும் உண்டு. இலங்கையிலும் இந்தியாவிலும் இல்லை. ஆனால் அதைப் பரப்பக்கூடிய நுளம்பு, டெங்கைப் பரப்பும் அதே நுளம்பு, நம் வீட்டு முற்றங்களில் தாராளமாக இருக்கிறது. நோய் ஒருவரோடு வந்திறங்கினால் பரவ வழி தயாராக இருப்பதால்தான் இரு நாடுகளும் இந்தச் சான்றிதழில் கண்டிப்பாக இருக்கின்றன. நைஜீரியா, கென்யா, உகாண்டா போன்ற நாடுகளுக்குத் தொழிலுக்குச் சென்று, திரும்பும் வழியில் சென்னையில் உறவினரைப் பார்க்க நினைப்பவர் சான்றிதழின்றி இந்தியாவில் இறங்கினால் 6 நாட்கள் வரை தனிமைப்படுத்தப்படலாம்.

இலங்கையில் இந்த ஊசிக்குக் கொழும்பு பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலைய வளாகத்துக்குச் செல்ல வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ செல்பவருக்கு அது ஒரு நாள் பயணம். எந்த நாட்களில், எத்தனை மணிக்குப் போடுகிறார்கள், என்ன ஆவணங்கள் தேவை என்பதை முன்கூட்டியே கேட்டு உறுதிசெய்துகொண்டு புறப்படுங்கள். ஊசி போட்டு 10 நாட்களின் பின்னரே சான்றிதழ் செல்லுபடியாகும். புறப்படுவதற்கு முதல் நாள் போட்டால் எல்லையில் அது உதவாது. 2016 ஜூலை 11இலிருந்து இந்தச் சான்றிதழ் வாழ்நாள் முழுவதற்கும் செல்லும். முன்னர் இருந்த 10 ஆண்டுக் கட்டுப்பாடு இப்போது இல்லை. பழைய சான்றிதழ் இருந்தால் மீண்டும் பணம் செலவழிக்க வேண்டாம்.

இது உயிருள்ள, வலுக்குறைக்கப்பட்ட வைரஸைக் கொண்ட ஊசி. 9 மாதத்துக்குக் குறைந்த குழந்தைகள், கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்கள், முட்டைக்குக் கடும் ஒவ்வாமை உள்ளவர்கள், 60 வயதைக் கடந்தவர்கள் ஆகியோருக்கு மருத்துவர் ஆராய்ந்தே முடிவெடுப்பார். அதனால்தான் முகவர் தரும் போலிச் சான்றிதழ் சட்டச் சிக்கலோடு முடிவதில்லை. ஊசி போடாத உடலோடு நோயுள்ள நாட்டில் போய் இறங்குவதே அதன் பெரிய ஆபத்து.

மலேரியா: மறந்துபோன நோய்

வன்னியில் வாழ்ந்தவர்களுக்கு மலேரியாவை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 1999இல் மட்டும் இலங்கையில் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோருக்கு அது கண்டறியப்பட்டது. வடக்கும் கிழக்கும் அந்தச் சுமையில் பெரும் பங்கைத் தாங்கின. 2012 ஒக்டோபருக்குப் பின்னர் உள்நாட்டில் தொற்றிய நோயாளி எவருமின்றி, 2016 செப்ரெம்பரில் இலங்கையை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. போருக்குள்ளும் வேலை செய்த சுகாதார ஊழியர்களின் சாதனை அது.

அந்தச் சாதனைக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. இளைய தலைமுறையின் உடலுக்கு மலேரியாவே தெரியாது. இளம் மருத்துவர்கள் பலர் ஒரு நோயாளியைக்கூடக் கண்டிருக்க மாட்டார்கள். முன்னர் வந்தவர்களிடமிருந்த ஓரளவு எதிர்ப்புச் சக்தியும் இத்தனை ஆண்டுகளில் தேய்ந்திருக்கும். ஐரோப்பாவுக்குக் கொண்டுபோவதாகச் சொல்லி முகவர்கள் மேற்கு ஆபிரிக்காவில் இறக்கிவிட்ட நம்மவர்கள் பலர். 2012ஆம் ஆண்டளவில் அங்கிருந்து திருப்பி அழைத்துவரப்பட்ட இலங்கையர் சிலருக்கு மலேரியா கண்டறியப்பட்டது.

பயணிகள் மலேரியாவுக்கு நம்புவது ஊசியை அல்ல, மாத்திரைகளை. மலேரியா தடை இயக்கம் இவற்றைப் பயணிகளுக்கு இலவசமாகவே வழங்குகிறது. மாவட்டங்களில் உள்ள அதன் பிராந்தியப் பணிமனைகளில் கேட்கலாம். புறப்படும் முன்னரே தொடங்கி, திரும்பிய பின்னரும் சொன்ன நாள்வரை விடாமல் எடுக்க வேண்டும். திரும்பி ஒரு வருடத்துக்குள் காய்ச்சல் வந்தால், எந்த நாட்டுக்குப் போய்வந்தீர்கள் என்பதை மருத்துவர் கேட்கும் முன்னரே சொல்லுங்கள். நம் ஊர்களில் காய்ச்சல் என்றதும் டெங்கு என்று நினைப்பதே வழக்கம். அந்தத் தாமதம் உயிரைப் பறிக்கும்.

மண்ணீரல் இழந்தவர்கள்

செல் காயத்தாலோ வெடிவிபத்தாலோ வயிற்றில் சத்திரசிகிச்சை செய்தபோது மண்ணீரல் அகற்றப்பட்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். காயம் ஆறி ஆண்டுகள் பலவாகிவிட்டதால் அதைச் சொல்ல வேண்டியதாகவே அவர்கள் கருதுவதில்லை. வயிற்றில் தழும்பு இருக்கிறது, உள்ளே என்ன செய்தார்கள் என்று தெரியாதவர்களும் உண்டு.

மண்ணீரல் இல்லாத உடலில் சில கிருமிகள் மிக விரைவாக இரத்தத்தில் பரவும். சாதாரணக் காய்ச்சலாகத் தொடங்குவது ஒரு நாளுக்குள்ளேயே உயிராபத்தாக மாறலாம். மலேரியாவும் அவர்களுக்குக் கடுமையாகவே வரும். நியூமோகொக்கஸ், மெனிஞ்சோகொக்கஸ், ஹிப் ஆகிய கிருமிகளுக்கான ஊசிகள், வருடாந்தச் சளிக்காய்ச்சல் ஊசி ஆகியவை இவர்களுக்குப் பரிந்துரைக்கப்படுகின்றன. வெளிநாடு போகாவிட்டாலும் இவை தேவை. உங்களுக்கோ உறவினருக்கோ அப்படி ஒரு தழும்பு இருந்தால், நோய்விபரக் குறிப்பு இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் கேளுங்கள். மண்ணீரல் இருக்கிறதா என்பதை ஸ்கான் ஒன்றின் மூலம் அறிந்துவிடலாம்.

ஊருக்கு வரும் உறவுகளுக்கு

கனடாவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருந்து நல்லூர்த் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் வருபவர்கள் பெரும்பாலும் ஊசி எதுவும் போடுவதில்லை. "நான் பிறந்த ஊர், எனக்கு என்ன வரப்போகிறது" என்ற எண்ணம்தான் காரணம். பிறந்த ஊரின் கிருமிகளுக்கு உடல் காட்டும் எதிர்ப்பு, இருபது முப்பது வருடம் வேறு நாட்டில் வாழ்ந்தபின் அப்படியே இருப்பதில்லை. அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அது இருந்ததே இல்லை. பிரித்தானியாவில் கண்டறியப்படும் நெருப்புக் காய்ச்சலில் பெரும்பகுதி, தெற்காசியாவிலுள்ள உறவினரைப் பார்த்துத் திரும்புவோருக்கே வருகிறது. விடுதியில் தங்கும் சுற்றுலாப் பயணியைவிட உறவு வீட்டில் கிணற்று நீர் குடித்து நீண்டநாள் தங்குபவருக்கே ஆபத்து அதிகம்.

யாழ்ப்பாணம் நெருப்புக் காய்ச்சல் அதிகம் பதிவாகும் மாவட்டங்களில் ஒன்று. சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளூடாக மலசலகூடக் குழியின் கழிவு கிணற்று நீரை அடைவது இலகு. காணிகள் சிறுத்து வீடுகள் நெருங்கிய இடங்களில் அது இன்னும் இலகு. நெருப்புக் காய்ச்சல் ஊசியின் பாதுகாப்பு சுமார் 3 ஆண்டுகள் நிற்கும். அதுவும் முழுமையானதல்ல. ஊசி போட்டாலும் நீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். ஈரல் அழற்சி ஏ ஊசியை இரு தடவை போட்டால் பல ஆண்டுகளுக்குப் போதும். பிரித்தானியாவில் இவை இரண்டையும் பொது மருத்துவரிடம் இலவசமாகவே பெறலாம்.

பிள்ளைகளோடு வருபவர்கள் விசர்நாய்க்கடி பற்றியும் கேட்டுவருவது நல்லது. தெருநாயைத் தடவப் போகும் பிள்ளைக்கு அது ஆபத்து என்று தெரியாது. கடித்தாலோ கீறினாலோ உடனே சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அரச வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அங்கே சிகிச்சை இலவசம். முன்கூட்டியே ஊசி போட்டிருந்தாலும் கடிபட்டபின் போடும் ஊசி தேவைதான்.

எப்போது தொடங்குவது?

பயணத்துக்கு 6 முதல் 8 வாரம் முன்னர். அட்டை இல்லாதவர்களுக்கு இன்னும் முன்னதாக. விமானச்சீட்டு வாங்கும் நாளையே தொடக்க நாளாக வைத்துக்கொள்ளலாம். உயிருள்ள வைரஸ் கொண்ட ஊசிகள் இரண்டு தேவைப்பட்டால் அவற்றை ஒரே நாளில் போட வேண்டும், அல்லது இடையில் 4 வாரம் விட வேண்டும். சின்னமுத்து, ருபெல்லா ஊசியைக் கர்ப்பிணிகள் போடக்கூடாது. போட்டபின் ஒரு மாதத்துக்குக் கர்ப்பம் தரிக்காமலும் இருக்க வேண்டும். வெளிநாட்டு மாப்பிள்ளையிடம் புறப்படும் மணப்பெண்ணுக்குக் கலியாண நாள், விசா, ஊசி மூன்றையும் ஒன்றாகத் திட்டமிடுவது அதனால் அவசியமாகிறது.

மருத்துவரைச் சந்திக்கும்போது போகும் நாடு, இடையில் தரிக்கும் நாடு, தங்கும் காலம், இருக்கும் வருத்தங்கள், எடுக்கும் மருந்துகள், பழைய காயங்கள் எல்லாவற்றையும் சொல்லுங்கள். நாடுகளின் விதிகள் மாறக்கூடியவை. அந்தந்த நாட்டின் தூதரகமோ அது அங்கீகரித்த மருத்துவ நிலையமோ தரும் தகவலையே இறுதியாகக் கொள்ளுங்கள். முகவரின் வாய்ச்சொல்லை அல்ல.

புதிதாகப் போடும் ஒவ்வொரு ஊசிக்கும் நாள், பெயர், தொகுதி இலக்கம், கையொப்பம், முத்திரை ஆகியவை எழுத்தில் வேண்டும். பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்கட்டும். அதைப் படமெடுத்து உங்கள் தொலைபேசியிலும், வேறு நாட்டில் இருக்கும் ஒரு சகோதரரின் தொலைபேசியிலும் வைத்திருங்கள். ஒரே பையில் எல்லாவற்றையும் வைத்து இழந்தவர்கள் நாம்.

இதைத் தனிமனிதரின் பொறுப்பாக மட்டும் விட்டுவிடவும் முடியாது. போரில் பதிவுகளை இழந்த மாவட்டங்களில், வளர்ந்தவர்களுக்கு விடுபட்ட ஊசிகளைப் போட்டுப் புதிய பதிவேடு வழங்கும் ஒழுங்கைச் சுகாதாரத் துறை செய்ய முடியும். சின்னமுத்து ஒழிக்கப்பட்டதாக 2019இல் அறிவிக்கப்பட்ட நாட்டில் 2023இல் அது மீண்டும் பரவியது. இடைவெளி எங்கே இருக்கிறதோ அங்கேதான் நோய் நுழைகிறது. கடல் கடந்து போகிறவர்களுக்கு மட்டுமல்ல, ஊரிலேயே இருக்கப்போகிறவர்களுக்கும் அந்தப் பதிவேடு தேவை.